மிளகாய் தூவிய மிட்டாய்

மெக்சிக்கோ நாட்டில் குழந்தைகள் தின்னும் மிட்டாயிலும் மிளகாய் இருக்கிறது. மாம்பழ வடிவில் சர்க்கரை மிட்டாய் வார்த்து அதன்மேல் மிளகாய்ப் பொடியைப் பூசுகிறார்கள். புளியைச் சர்க்கரை, உப்பு, மிளகாய் மூன்றும் சேர்த்துப் பிசைந்து, பட்டையாகத் தட்டித் தாளில் சுற்றி விற்கிறார்கள். அறுத்து வைத்த தர்ப்பூசணித் துண்டுக்குக்கூட அங்கே மிளகாய்ப் பொடி வேண்டியிருக்கிறது. வாயில் போட்டால் ரப்பரைப் போல் இழுபடும் கம்மி என்னும் மிட்டாயையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஜெர்மனியின் பான் நகரில் ஹான்ஸ் ரீகல் என்பவர் 1922-ஆம் ஆண்டு கரடி வடிவில் வார்த்து விற்கத் தொடங்கிய சாதுவான பண்டம் அது. மெக்சிக்கோவுக்குப் போனதும் மிளகாய்ச் சட்டை அணிந்துகொண்டு வேறு ஆளாகிவிட்டது. ‘கோமித்தாஸ் எஞ்சிலாதாஸ்’ என்று அதற்கு அங்கே பெயர். மிளகாய் ஏற்றிய கம்மிகள் என்று பொருள் கொள்ளலாம்.

கம்மி என்ற சொல்லே எங்கள் வீட்டில் ஒரு விசாரணைக்கு இடம் தந்தது. “கம்மின்னா கொறச்சல்லா? இம்புட்டு வெல குடுத்துக் கொறச்சல வாங்குவாகளா?” என்று கேட்டவர் என் மாமியார். அத்தை என்றே நான் அவரை அழைப்பது வழக்கம். வயது 90. கோவில்பட்டிக்கு அருகே ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்து, மாமனார் காலமான பிறகு 2009-இல் எங்களோடு கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தவர். நகரத்தின் பெயர் கொல்கத்தா என்று 2001-இலேயே மாறிவிட்டது. ஆனால் 1978-இல் மணமாகி இங்கு வந்த எனக்கும், அத்தைக்கும் அது இன்னும் கல்கத்தாதான். வங்காளி அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் நான்கு தலைமுறை இருக்கிறோம். அத்தைக்குத் தமிழைத் தவிர வேறு மொழி இல்லை. என் பேத்திக்கு 9 வயது. தமிழ் கேட்டால் புரியும், பதில் வங்காளத்திலோ ஆங்கிலத்திலோ வரும். பூட்டிக்கும் கொள்ளுப்பேத்திக்கும் இடையே நானோ என் மருமகளோ நின்று பேச்சை இரு பக்கமும் கடத்தியாக வேண்டும். சில வேளை நாங்கள் இருவருமே இல்லாதபோது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அண்டை மாநிலங்களில் குடியேறிய நம்மவர் வீடுகள் பலவற்றில் இந்தக் காட்சி இருக்கிறது என்பதை அறிவேன். வெளியூரில் வாழ்வதன் செலவுகளுள் இதுவும் ஒன்று என்று கணக்கில் எழுதிவிட்டுப் போவதுதான் நம் வழக்கம்.

உணவிலும் அதே கதைதான். புளிக்குழம்பு வைத்தால் பேத்தி தட்டை நகர்த்தி வைப்பாள். ரசம் என்றால் மூக்கைச் சுளிப்பாள். அதே பெண், மாலையில் லேக் மார்க்கெட் பக்கம் அழைத்துப் போனால், புச்கா வண்டிக்காரரிடம் இன்னும் கொஞ்சம் புளித்தண்ணீர், இன்னும் கொஞ்சம் உறைப்பு என்று கேட்டு வாங்கிக் கண்ணீர் மல்க விழுங்குவாள். தெருவில் நின்று தின்னும்போது புளி இனிக்கிறது. வீட்டில் கரைத்தால் கசக்கிறது. அத்தையோ சென்ற ஆண்டு வந்த காய்ச்சலுக்குப் பிறகு எதையும் கேட்பதில்லை. நாக்கு செத்துவிட்டது என்பார். இரண்டு கரண்டி தயிர்ச்சாதம் உள்ளே போனால் அன்றைய தினம் நல்ல தினம்.

இப்படி இருக்கையில், குவாதலஹாரா நகரத்தில் கணிப்பொறி வேலை பார்க்கும் என் மருமகளின் தம்பி விடுமுறைக்கு வந்தபோது, ஒரு பெரிய பொட்டலம் மெக்சிக்கோ மிட்டாய் கொண்டுவந்தார். செம்பழுப்பு நிறத்தில், பொடி உதிர, புழுப் போலவும் மோதிரம் போலவும் கம்மிகள். பேத்தி ஒன்றை வாயில் போட்டாள். முதலில் முகம் சுருங்கியது, பிறகு கண் விரிந்தது, “கீ ஜால்!” என்று கத்திவிட்டு அடுத்ததை எடுத்தாள். ஜால் என்றால் வங்காளத்தில் உறைப்பு. சாய்வு நாற்காலியில் கண்மூடி இருந்த அத்தை கண் திறந்தார்.

“என்னத்தட்டி திங்கே? எலந்தவட வாசம்லா வருது!”

கையையும் நீட்டினார். மாதக்கணக்கில் எந்தப் பண்டத்துக்கும் நீளாத கை அது. பேத்தி உடனே ஒன்றை எடுத்துக் கொடுக்கப் போனாள். அதற்குள் என் மருமகள் பொட்டலத்தின் பின்புறத்தைத் தன் தம்பியிடம் காட்டி, ‘கிரெனெத்தினா’ என்றால் என்ன என்று கேட்டிருந்தாள். மெக்சிக்கோவில் ஜெலட்டினுக்கு அதுதான் பெயராம். பன்றி, மாடு ஆகியவற்றின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுப்பது ஜெலட்டின். நம் நாட்டில் விற்கும் பண்டமானால் சைவமா அசைவமா என்று புள்ளியும் முக்கோணமும் காட்டிக் கொடுத்துவிடும். வெளிநாட்டுப் பொட்டலத்தில் அதெல்லாம் ஏது? அத்தை பிறந்தது முதல் சைவம். முட்டை புரண்ட கரண்டியைக்கூடத் தொடாதவர். “அத்தை, பெரிய ஆச்சிக்குக் குடுக்க வேண்டாம்” என்றாள் மருமகள், தாழ்ந்த குரலில். காரணத்தைச் சொன்னோம். அத்தை கையை மடியில் வைத்துக்கொண்டார். “அப்பிடின்னா வேண்டாம்ட்டி, பிள்ள தின்னட்டும்” என்றார். குரலில் வருத்தம் ஏதும் இல்லை. அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இதை வீட்டிலேயே செய்துவிடுவது என்று அன்றிரவே முடிவு செய்தேன்.

செய்வதற்கு முன் செய்தி சேகரிப்பது என் பழக்கம். சேகரிக்கச் சேகரிக்க, இந்தப் பண்டத்தில் அயல்நாட்டுத்தன்மை எது, நம்முடையது எது என்று பிரிப்பதே கடினமாகிவிட்டது. மிளகாய் மெக்சிக்கோவின் மண்ணில் பிறந்தது. அங்கே ஆஸ்தெக்கு மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் அதற்குச் ‘சில்லி’ என்று பெயர். ஆங்கிலமும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. கொலம்பஸ் 1492-இல் அமெரிக்கக் கரையை அடைந்த பிறகுதான் உலகின் மற்றப் பகுதிகளுக்கு மிளகாய் புறப்பட்டது. போர்த்துக்கேசியர் 16-ஆம் நூற்றாண்டில் அதை நம் மேற்குக் கரையில் இறக்கினார்கள். சங்க இலக்கியத்தில் மிளகு உண்டு. கறி என்ற சொல்லே அங்கே மிளகைக் குறிக்கும். மிளகாய் இல்லை. வந்த விருந்தாளிக்கு நம்மவர், மிளகைப் போல் உறைக்கும் காய் என்று பெயர் வைத்து வீட்டோடு சேர்த்துக்கொண்டார்கள். வங்காளிகள் அதை ‘லங்கா’ என்கிறார்கள். பேத்தி ஒரு நாள் “லங்காப் பொடி எங்கே?” என்று கேட்க, இலங்கை பொடியானது ராமாயணத்தில் எந்தக் காண்டம் என்று அத்தை யோசிக்கத் தொடங்கியது எங்கள் குடும்பச் சிரிப்புகளில் ஒன்று.

புளியின் பயணம் எதிர்த்திசையில். ஆப்பிரிக்காவில் தோன்றி மிகப் பழங்காலத்திலேயே நம் நாட்டில் வேரூன்றிய மரம் அது. அரபு வணிகர் அதை ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை, என்றார்கள். அந்தப் பெயரே ஸ்பானிய மொழியில் ‘தமரிந்தோ’ ஆயிற்று. ஸ்பானியர்கள் அந்த மரத்தை மெக்சிக்கோவுக்குக் கொண்டு சேர்த்தார்கள். பிலிப்பைன்ஸ் தீவின் மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்காபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே 1565 முதல் 1815 வரை அவர்களுடைய கப்பல்கள் போய் வந்தன. அந்தத் தடத்தில் பட்டு, பீங்கான், மாங்கன்று என்று கீழ்த்திசைப் பொருள்கள் பலவும் பயணம் செய்தன. மெக்சிக்கோவில் இன்றும் ஒரு மாம்பழ இனத்துக்கு மணிலா என்றே பெயர். குவாதலஹாரா இருக்கும் ஹலிஸ்கோ மாநிலத்தில் புளி நன்றாக விளைகிறது. புளியைக் கரைத்துச் சர்க்கரை சேர்த்துக் குளிரக் குடிக்கிறார்கள். நம் பானகத்துக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி. அவர்கள் தந்த மிளகாய் இல்லாமல் நமக்குக் குழம்பு இல்லை. நம் பக்கத்திலிருந்து போன புளி இல்லாமல் அவர்கள் குழந்தைகளுக்கு மிட்டாய் இல்லை. 1962 முதல் 1968 வரை மெக்சிக்கோவின் தூதராகப் புதுதில்லியில் இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸ், அவர்களுடைய ‘மோலே’ என்னும் குழம்புக்கும் நம் நாட்டுக் குழம்புக்கும் உள்ள ஒற்றுமையை வியந்து எழுதியிருக்கிறார். அவர் மிட்டாய்க் கடைப் பக்கமும் எட்டிப் பார்த்திருக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டும் என்ற எண்ணத்துக்கு வேறொரு காரணமும் கிடைத்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2004-ஆம் ஆண்டு, மெக்சிக்கோவிலிருந்து வந்த மிளகாய், புளி மிட்டாய்கள் பலவற்றில் காரீயம் இருப்பதாக ஒரு நாளேடு விரிவாக எழுதிற்று. கழுவாமல் காயவைத்து அரைத்த மிளகாய், காரீயம் கலந்த மெருகு பூசிய மண்சட்டி ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. மாநிலம் 2005-இல் அதற்கென்று சட்டம் செய்தது. 2006-இல் அமெரிக்க உணவுத்துறை, குழந்தைகள் தின்னும் மிட்டாயில் காரீயம் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று அறிவுரை வகுத்தது. அதன் பின் பெரிய தயாரிப்பாளர்கள் பலரும் திருந்திக்கொண்டார்கள். இருந்தாலும் மிளகாயை நானே கழுவித் துடைத்து வெயிலில் உலர்த்தி அரைப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காரீயம் என்றதும் அத்தை தம் ஈயச்சொம்பை நினைத்துக் கலங்கினார். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது வேறு உலோகம். ஆனால் வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயம் கலந்து விற்பவர் உண்டு. ஆகையால் நம்பகமான பாத்திரக்கடையில் கேட்டு வாங்குவது நல்லது.

ஜெலட்டினுக்கு மாற்று என்று யோசித்தவுடன் நினைவுக்கு வந்தது கடற்பாசி. சைனா கிராஸ் என்று எழுதிக் கடையில் விற்கும் வெள்ளை நார்க்கட்டு. தமிழ்நாட்டு முஸ்லிம் இல்லங்களில் நோன்பு திறக்கும் வேளைக்குப் பாலிலும் இளநீரிலும் இதைக் காய்ச்சி உறையவைப்பார்கள். ராமநாதபுரம் கடலோரத்தில், மன்னார் வளைகுடாவில், பெண்கள் மூழ்கிப் பறித்து வரும் பாசி வகைகளிலிருந்தும் இது எடுக்கப்படுகிறது. அவர்கள் மரிக்கொழுந்து என்று அழைப்பது அப்படிப்பட்ட ஒரு பாசி. பூவின் பெயரைப் பாசிக்குச் சூட்டிய அந்தப் பெண்களை நான் நேரில் கண்டதில்லை. காணவேண்டும் என்ற ஆசை உண்டு.

கடற்பாசிக்கும் ஜெலட்டினுக்கும் குணத்தில் வேறுபாடு பெரிது. ஜெலட்டின் நம் உடற்சூட்டிலேயே உருகுவது. அதனால் வாயில் கரையும். கல்கத்தாவின் வைகாசியில் தட்டிலேயே கரைந்தும் போகும். கடற்பாசி நீரில் கரைவதற்கு 85 பாகைக்கு மேல் சூடு வேண்டும். 40 பாகைக்கு அருகில் இறங்கியதும் தானே உறைந்துவிடும். உறைந்த பின் எந்த வெயிலுக்கும் அசையாது. ஆனால் இழுபடாது, சட்டென்று முறியும். கம்மியின் அழகே இழுபடுவதில் அல்லவா? அதற்கு மக்காச்சோள மாவைத் துணைக்கு அழைத்தேன். பம்பாய் அல்வாவுக்கு அந்தச் சவ்வுத் தன்மையைத் தருவது அதுதான். மக்காச்சோளமும் மெக்சிக்கோவில் பிறந்ததே என்பதால் மரபு கெடவில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அளவு சொல்கிறேன். 100 கிராம் புளியைக் கோது நீக்கி, 200 மில்லி வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகப் பிழிந்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். கடற்பாசி நார் 10 கிராமைச் சிறிதாகக் கத்தரித்து 300 மில்லி தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரோடே அடுப்பில் வைத்து, ஒரு நார்கூடக் கண்ணுக்குத் தெரியாத வரை கிளறிக் கொதிக்கவிட வேண்டும். எட்டுப் பத்து நிமிடம் ஆகும். அவசரப்படுவது கூடாது. பிறகு 300 கிராம் சர்க்கரை. அது கரைந்து பாகு சற்றே கனத்து வரும்போது, 2 மேசைக்கரண்டி மக்காச்சோள மாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கரைத்து, ஒரு கை ஊற்ற ஒரு கை துழாவ, கட்டி தட்டாமல் சேர்க்க வேண்டும். மாவு வெந்து கண்ணாடி போல் ஆனதும் அடுப்பை அணைத்துவிடலாம்.

புளி கடைசியில்தான் வரவேண்டும். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. புளிப்பிலே கடற்பாசியை நெடுநேரம் கொதிக்கவிட்டால் அதன் உறையும் வலிமை போய்விடும்; மாவும் நீர்த்துவிடும். ஆகவே எல்லாம் ஆன பிறகுதான் புளிக்கரைசலைச் சேர்ப்பது. குளிர்ந்த கரைசலையும் ஊற்றலாகாது; சூடு தணிந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக உறைந்துகொள்ளும். வேறு பாத்திரத்தில் கரைசலைச் சுடவைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, சூட்டோடு சூடாகக் கலந்து, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றிவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் உறைந்துவிடும். விரல் நுனி அளவு துண்டுகளாக வெட்டி, மெல்லிய துணியில் பரப்பி, காற்றாடிக்கு அடியில் இரண்டு நாள் உலர்த்த வேண்டும். மேல்தோல் சற்றே இறுகி உள்ளே நெகிழ்வாக இருக்கும். கம்மிக்கு அந்த மென்மை வருவது இந்தக் காத்திருப்பில்தான். பேத்திக்கு இந்த இரண்டு நாள் இரண்டு யுகம்.

மேலே தூவும் பொடியில் எனக்கும் பேத்திக்கும் கருத்து வேறுபாடு நேர்ந்தது. மெக்சிக்கோவில் ‘தஹீன்’ என்று ஒரு பொடி பெயர் பெற்றது. 1985-இல் ஹலிஸ்கோவில் தொடங்கிய நிறுவனம் ஒன்று விற்பது; உலர்ந்த மிளகாய், கடலுப்பு, எலுமிச்சை ஆகியவற்றின் கலவை. அதைப் பார்த்து நான் 4 மேசைக்கரண்டி சர்க்கரை, 1 தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்ப் பொடி, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு என்று கணக்கிட்டேன். காஷ்மீரி மிளகாய் நிறம் தரும், நாக்கைச் சுடாது. பேத்தி ஒப்பவில்லை. புச்காவில் போடுவது போல் ‘பீட் நூன்’ வேண்டும் என்றாள். கறுப்பு உப்புக்கு வங்காளப் பெயர் அது. கந்தராஜ எலுமிச்சையின் தோலைத் துருவி உலர்த்திச் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னாள். கந்தராஜம் வங்காளத்துக்கே உரிய பெருமை. தோலைக் கீறினால் அறை மணக்கும். உண்மையைச் சொன்னால், அவள் பொடிதான் மேலானது. மெக்சிக்கோ மிட்டாய்க்கு வங்காள மணம் ஏறிவிட்டதே என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. கரடி மிட்டாய்க்கு அவர்கள் மிளகாய் ஏற்றியபோது ஜெர்மானியரிடம் உத்தரவு கேட்டார்களா என்ன?

இந்தச் சமையலை நான் நடத்தியதாக மேலே எழுதியிருக்கிறேன். மெய்யாக நடத்தியவர் சாய்வு நாற்காலியில் இருந்தவர். புளி வாங்கி வந்த அன்றே, “பழம்புளியா, புதுப்புளியா?” என்று விசாரணை தொடங்கிவிட்டது. பழம்புளி கறுத்துப்போகும், நிறத்துக்குப் புதுப்புளியும் புளிப்புக்குப் பழம்புளியும் பாதிப்பாதி போடு என்று உத்தரவாயிற்று. முறத்தைத் தம் மடிக்குக் கொண்டுவரச் சொல்லிக் கோதும் நாரும் அவரே எடுத்தார். நடுங்கும் விரல்தான், ஆனால் புளி அந்த விரலுக்குப் பழகிய பொருள். அருகில் உட்கார்ந்து எடுத்துப் போட்ட கொட்டைகளைப் பேத்தி எண்ணிக்கொண்டிருந்தாள். கரண்டியிலிருந்து பாகு வழிவதைப் பார்த்து, “பதம் வந்துட்டு, எறக்கு” என்று அத்தை குரல் கொடுத்தபோது, பேத்தி என்னைப் பார்த்து, “பதம் மானே கீ?” என்றாள். பதம் என்றால் என்ன என்பது கேள்வி. எனக்கு உடனே வாயில் வேறு சொல் வரவில்லை. வங்காளத்தில் அதற்கு என்ன சொல்வது? ஆங்கிலத்தில்தான் என்ன சொல்வது? அத்தைக்குக் கேள்வி எப்படிப் புரிந்ததோ தெரியவில்லை. “இங்கன வா” என்று அழைத்து, ஆறிய பாகில் ஒரு துளியைத் தம் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துப் பிரித்துக் காட்டினார். மெல்லிய கம்பி ஒன்று நீண்டு அறுந்தது. “இதாம்ட்டி பதம்.” பேத்தி தன் விரலிலும் ஒரு துளி வாங்கிச் செய்து பார்த்தாள். நான் மொழிபெயர்க்க வேண்டிய வேலை ஏதும் இருக்கவில்லை.

எண்ணிய கொட்டைகளையும் அத்தை எறியவிடவில்லை. நெசவாலைகளில் நூலுக்குக் கஞ்சி போடப் புளியங்கொட்டை மாவு பயன்படுவதைச் சொல்லி, இதில் கழிவு என்று ஒன்றும் இல்லை என்று நான் பேத்திக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அத்தைக்கு அந்தப் பொருளாதாரத்தில் அக்கறை இல்லை. நான்கு கொட்டைகளை எடுத்து, சொரசொரப்பான அம்மியில் ஒரு பக்கம் வெள்ளை தெரியும் வரை பேத்தியைத் தேய்க்கச் சொன்னார். பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் வரைந்தார். தாயம் ஆரம்பமாயிற்று. கம்மி உலர்ந்த அந்த இரண்டு நாளும் வீட்டில் தாயம், ரெண்டு, மூணு என்ற ஒலிதான். காயை வெட்டும்போது மட்டும் பேத்தி வங்காளத்தில் கூவினாள். வெட்டுப்பட்ட அத்தை தூய நெல்லைத் தமிழில் திருப்பிக் கொடுத்தார். இரண்டும் இருவருக்கும் விளங்கின.

மூன்றாம் நாள் பொடியில் புரட்டி முதல் துண்டை அத்தையிடம் கொடுத்தோம். பல் இல்லாத வாய். ஜெலட்டின் கம்மியாக இருந்தால் அதை அவரால் மென்றிருக்கவே முடியாது. கடற்பாசி சட்டென்று முறியும் என்று நான் குறை சொன்ன குணமே அவருக்கு வாய்ப்பாகிவிட்டது. நெடுநேரம் நாவில் வைத்திருந்தார். கண்ணில் நீர் வந்தது. உறைப்பினால் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டோம். “எலந்தவடதான். ஆனா எலந்தப்பழம் இல்ல. பெருங்காயமும் போடல” என்று தீர்ப்பு வந்தது. பிறகு, “இன்னொண்ணு தாட்டி” என்றார்.

இலந்தை வடையை இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அறியார். இலந்தைப்பழத்தை உரலில் இட்டு, வெல்லம், புளி, மிளகாய், உப்பு, பெருங்காயம் சேர்த்து இடித்து, வட்டமாகத் தட்டி வெயிலில் உலர்த்துவது. பள்ளிக்கூட வாசலில் காசுக்கு ஒன்று வாங்கி, சட்டைப்பையில் ஒட்டிக்கொள்ள, நாள் முழுதும் சப்பியவர்கள் இந்த மலரைப் படிப்போரில் பலர் இருப்பீர்கள். மெக்சிக்கோவில் இதற்கும் ஓர் இணை உண்டு: ‘சாமோய்’ என்ற கூழ். உப்பில் ஊறி உலர்ந்த பழங்களை மிளகாய், எலுமிச்சை சேர்த்து அரைப்பது. கம்மியை அதில் தோய்த்த பிறகே பொடியில் புரட்டுவோரும் உண்டு. அதுவும் உள்ளூர்ச் சரக்கு அன்று. சீனத்து உப்புப் பழம் கடல் கடந்து வந்து அப்படி மாறியது என்று கருதுகிறார்கள். வங்காளத்தில் இலந்தைக்குக் ‘குல்’ என்று பெயர். சரசுவதி பூசைக்கு முன் அதைத் தின்றால் படிப்பு வராது என்று இங்குள்ள பிள்ளைகள் தொடமாட்டார்கள். பூசை முடிந்த மறுகணம் ஊறுகாய்க் கடையில் கூட்டம் தாங்காது. பெரிய ஆச்சி ஊரிலும் குல் உண்டு, அதில்தான் மிளகாய் மிட்டாய் செய்வார்கள் என்று சொன்னபோது பேத்தி நம்பவில்லை. கோவில்பட்டி என்ற ஊரே அதுவரை அவளுக்குப் பள்ளி விண்ணப்பத்தில் எழுதும் ஒரு பெயர் மட்டுமே. இப்போது அங்கே இலந்தை மரம் எத்தனை, அதில் ஏறலாமா, முள் குத்துமா என்றெல்லாம் கேள்வி வருகிறது. பாதிக் கேள்வி தமிழில், பாதி வங்காளத்தில். அத்தை எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார். கேட்காத கேள்விகளுக்கும் சொல்கிறார்.

புளிக்குழம்பு விஷயத்தில் முன்னேற்றம் ஒன்றும் இல்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். தட்டு இன்னும் நகர்கிறது. ரசத்தை மட்டும், பீட் நூன் ஒரு சிட்டிகை போட்டுக் குவளையில் கொடுத்தால் குடிக்கிறாள். அத்தை அதைப் பார்க்காமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

செய்ய விரும்புவோருக்கு இன்னும் ஒரு செய்தி. மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஆடி ஆவணியில் இங்குள்ள காற்றில் ஈரம் ஊறிக் கிடக்கும். மேலே புரட்டிய சர்க்கரை வியர்த்து ஒழுகி எல்லாம் ஒரே உருண்டையாகிவிடும். அவசியம் செய்தே ஆகவேண்டுமானால் துண்டுகளைப் பொடியில்லாமல் டப்பாவில் வைத்துக்கொண்டு, தின்னும்போது புரட்டிக்கொள்ளலாம். குளிர் தொடங்கினால் கவலை இல்லை. அப்போது சந்தைக்கு நோலன் குட், அதாவது புதுப் பேரீச்ச வெல்லம், வந்துவிடும். சர்க்கரைக்குப் பதில் அதைப் போட்டுப் பார்க்கலாம் என்பது பேத்தியின் யோசனை. என்ன இருந்தாலும் கருப்பட்டி ஆகாது என்று அத்தை இப்போதே சொல்லிவிட்டார். ஊரிலிருந்து கருப்பட்டி ஒரு சிப்பம் அனுப்பச் சொல்லி நாத்தனாருக்கு எழுதியிருக்கிறேன். இரண்டையும் தனித்தனியாகச் செய்து பார்ப்பதாக ஏற்பாடு.